கதவில் இருந்த சபைப் பெயர்

நவம்பர் 9, ஞாயிறு

இன்றும் சபைக்குப் போகவில்லை. காலையில் சபைத் தோழி ஒக்சுன் போன் பண்ணினாள். சபையில் எல்லோரும் சேர்ந்து குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிறார்களாம். "உங்களை விட்டா உப்புப் பதம் யாருக்கு வருது? வாங்களேன் அக்கா." இடுப்பு வலி என்று சொல்லி வைத்துவிட்டேன். இடுப்புக்கு ஒரு கேடும் இல்லை. போனால் அழுதுவிடுவேன், அதுதான்.

என் வீட்டுக்காரர் தொக்சு போய் இது இரண்டாவது குளிர்காலம். படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது அவருக்காகச் சபையே உபவாசம் இருந்தது. "கர்த்தர் எழுப்பிடுவார், பாருங்க" என்று பாஸ்டர் என் கையைப் பிடித்துச் சொன்னார். எழுப்பவில்லை. அடக்கம் முடிந்து வந்த மூப்பர் சாங் என்ன சொன்னார்? "உங்க வீட்ல விசுவாசம் கொஞ்சம் கொறைஞ்சு போச்சோ என்னமோ." என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னார். வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு!

நவம்பர் 12, புதன்

ஒரு ஆளுக்குச் சமைப்பதும் ஒரு சமையலா? டிவியை ஓடவிட்டு, அதோடு பேசிக்கொண்டே சாப்பிட்டேன்.

நவம்பர் 15, சனி

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்த பெண், பொரா. முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க சபைக்காரங்கதானே? கதவுல ஒட்டியிருக்கே."

அப்போதுதான் உறைத்தது. இங்கே விசுவாசிகள் வீட்டுக் கதவில் சபையின் பெயர்த் தகடு ஒட்டுவோம். போவதை நிறுத்தினேனே தவிர, தகட்டைப் பிய்க்கத் தோன்றவில்லை.

அவள் கணவன் துறைமுகத்தில் வேலை செய்யும்போது விழுந்து, தலையில் அடியாம். நினைவே இல்லையாம். "எங்க வீட்ல யாரும் சாமி கும்பிட்டதில்ல. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. நீங்க பண்ணுங்க."

நான் இப்பல்லாம் போறதில்லம்மா — வாய்வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே, இவளைத் தனியா விட்டுடாதேயும்." அதற்குமேல் வரவில்லை. எழுப்பும் என்று கேட்கப் பயம்.

"அவ்ளோதானா அக்கா?"

"அவ்ளோதான்மா."

நவம்பர் 20, வியாழன்

பொராவின் கணவன் இறந்துவிட்டான். என் ஜெபத்தின் லட்சணம்.

நவம்பர் 22, சனி

சாவுமண்டபத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். வியாழக்கிழமை, தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். என்னைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்: "நீங்க ஜெபம் பண்ணீங்களே அக்கா. அப்புறம் ஏன்?"

மூப்பர் சாங்கின் பதில் கைவசம் இருந்தது. சீ!

"தெரியலம்மா. என் வீட்டுக்காரர் போனப்ப நானும் இதையேதான் கேட்டேன். இன்னும் பதில் வரல."

என் மடியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். "நீங்க போயிடாதீங்க." போகவில்லை. அடக்கம் முடியும்வரை மூன்று நாளும் அங்கேயே கிடந்தேன். வந்தவர்களுக்குக் காரச் சூப்பும் சோறும் பரிமாறினேன். அவள் வாயிலும் இரண்டு கரண்டி ஊட்டினேன்.

இன்று பாத்திரம் கழுவும்போது கை நின்றுவிட்டது. நான் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானே, இவளைத் தனியாக விடாதேயும் என்று? விட்டாரா? என்னையல்லவா பிடித்து அவள் பக்கம் தள்ளியிருக்கிறார்! அப்படியானால் தொக்சு போனபோதும் யாரையாவது என் பக்கம் தள்ளிப் பார்த்திருப்பாரோ? அவர்கள்தான் நகரவில்லையோ? ஈரக் கையோடு நின்று அழுதேன்.

நவம்பர் 30, ஞாயிறு

சபைக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மூப்பர் சாங் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

பாஸ்டர் சொன்னதும் வழக்கம்போல எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிக்கத் தொடங்கினார்கள். கட்டடமே அதிர்ந்தது. நானும் வாயைத் திறந்தேன். "உம்மேல எனக்கு இன்னும் கோபம் தீரலை. என் மனுஷனை ஏன் எடுத்துக்கிட்டீர்? வீடு வெறிச்சுனு கெடக்கு. எனக்கு யாரும் இல்ல."

அத்தனை இரைச்சலில் பக்கத்தில் இருந்த ஒக்சுனுக்குக்கூடக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.