குறை உன் கண்ணில் இல்லை, சேகர்

என் பிரியமான சேகர்,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நகரியில் நீ வேலை பார்த்த கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நீ கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வரைந்த மாங்காய் டிசைனை இன்னும் நெய்கிறார்கள். நீ இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று திருப்பதியில் என் ரிப்பேர் கடைக்கு எடுத்து வந்தாயே, நினைவிருக்கிறதா? "புதுசு எதுக்குடா? இதையே பறக்க வெக்கிறேன் பாரு" என்றேன். மதர்போர்டு செட்டிங்கில் போய், மெமரியின் வேகத்தை அதற்கென்று குறித்த அளவுக்கு மேல் ஏற்றினேன். அப்படி ஓவர்க்ளாக் செய்தால், பல மணி நேரம் டெஸ்ட் ஓடவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். நான் பத்து நிமிடத்தில் நிறுத்தினேன்.

"டெஸ்ட் பண்ணியாடா?" என்று கேட்டாய். "எல்லாம் ஆச்சு" என்றேன்.

மூன்றாவது வாரம் முகூர்த்தப் புடவைகளில் புள்ளிகள் இடம் மாறி விழுந்தன. முதலாளி எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார். நீ எனக்குப் போன் செய்தாய். "என் கண்ணு போய்க்கினு இருக்குதுடா. சரியாத்தான் வெக்கிறேன், அப்புறம் பார்த்தா வேற எடத்துல இருக்குது."

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வேகம் தாங்காத மெமரி, கம்ப்யூட்டர் நிற்காமலே டிசைன் ஃபைலைக் கெடுத்துவிடும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தூசி துடைக்க வந்ததாகச் சொல்லி, வேகத்தைப் பழையபடி இறக்கி வைத்தேன். அதற்குள் நீ கண்ணாடி வாங்கியிருந்தாய். ஒவ்வொரு புள்ளியையும் விரல் வைத்து இரண்டு முறை எண்ணிக்கொண்டிருந்தாய்.

பிழைகள் நின்றன. "கண்ணாடி போட்டதுல சரியாயிடுச்சுடா" என்று சிரித்து, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். அதை எப்படிக் குடித்தேன்?

பிறகு ஒரு மாரடைப்பு. அவ்வளவுதான். கண்ணாடி போட்ட படத்துக்குத்தான் மாலை போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை.

போன வாரம்தான், வாசலில் நின்றபடியே, உன் மனைவி லதாவிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "சாப்புட உக்காந்தாகூட, கண்ணு போயிட்டா எங்க ரெண்டு பேரையும் யாரு பாத்துப்பாங்கன்னு கேட்டுக்கினே இருந்தாருண்ணா. அவருகிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு திட்டு திட்டிட்டு சிரிச்சிருப்பாரு." கொஞ்சம் கழித்து, "எங்கிட்ட சொன்னா போதுமா? அவர திட்டின எடத்துல போய் சொல்லுங்க" என்றாள்.

போனேன். முதலாளி தறிகளை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியதும், "தப்பு சேகருது இல்ல, என்னுது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்த மனுசன் எங்கிட்ட கையெடுத்துக் கும்புட்டு மன்னிப்பு கேட்டாரேய்யா" என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இருந்த நாட்களையெல்லாம் நானே வீணாக்கிவிட்டேன். இனி என் கையால் எது கெட்டாலும், அன்றைக்கே, அதற்கு உரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். உன் மகள் வளர்ந்து, அப்பா எப்படி வேலை செய்வார் என்று கேட்கும் நாள் வரும். ஒரு புள்ளிகூடத் தவறாத கை என்று சொல்வேன். அதைத் தவறவைத்தது யார் என்பதையும் நானே சொல்வேன்.

உன் மச்சான்,
உன் மகளின் மாமன்,
பாபு