பீலித் தண்ணீரும் மூக்குக் குழாயும்

மார்கழி 9, திங்கள். ஊட்டி ஆஸ்பத்திரி.

விடியலில் வெளியே புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. துவைத்த துண்டு இன்னும் காயவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கை கால் ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து விழுங்க வரவில்லை. மூக்கு வழியாகக் குழாய். முதலில் கஞ்சி, பிறகு குழாய் அடைக்காமல் இருக்கத் தண்ணீர். நர்ஸ் ஒருமுறைதான் காட்டினாள். கற்றுக்கொண்டேன்.

நேற்று வார்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றியது. ராத்திரி பூரா பேதி. டாக்டர் முகம் சரியில்லை. "இன்னொரு தடவ இப்படிப் போனா ஒடம்பு தாங்காதுங்கம்மா."

செவ்வாய்.

தேவர்சோலையிலிருந்து நாத்தனார் பொன்னம்மா. கையில் ஒரு கேன், எஸ்டேட் பீலித் தண்ணீர், மலை ஊற்றிலிருந்து தகரக் குழாய் வழியாக விழுவது. "அண்ணனுக்கு இதுதான் மதினி ஒத்துக்கும். பைப்புல மருந்து நாத்தம்."

எனக்கும் அதே எண்ணம். சிலோனில், கண்டித் தோட்டத்தில் இருந்த காலம் முழுக்க, மலையிலிருந்து வரும் பீலியில் வாயை வைத்துக் குடித்தவர்கள் நாங்கள். ஒரு வயிற்றுவலி கிடையாது.

நர்ஸைக் கேட்டேன். "நல்லா இருக்கறவங்களுக்குச் சரிங்க. இவரு வயிறு இப்பப் பச்சப்புள்ள வயிறு. ஊத்துத் தண்ணின்னாலும் கொதிக்க வெக்கோணும், மூடி ஆற வெக்கோணும்."

என் முடிவு: பீலித் தண்ணீரே, கொதிக்க வைத்து. இரண்டு பேருக்கும் மனக்குறை இல்லை.

புதன்.

வராண்டா அடுப்பில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து மூடிவிட்டு, கஞ்சி வாங்கப் போனேன். வழியில் எனக்கென்று வாங்கிய பன்னை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டது. சனியன்.

வந்து பார்த்தால் பொன்னம்மா கையில் புனல். "சூடா எப்படி மதினி ஊத்துறது? கேன் தண்ணிய ஊத்தி விளாவிட்டேன். பதமா இருக்கு."

பிள்ளை பெற்றவளுக்குக் குளிக்க ஊற்றுகிற மாதிரி! ஒரு சொட்டு உள்ளே போகுமுன் பாத்திரத்தைப் பிடுங்கிக் கொட்டினேன்.

"என்னா இது? அஞ்சாவது படிச்ச திமிரா?"

"ஆமா. இதுக்கு அஞ்சாவது போதும். பச்சத்தண்ணி கலந்தா கொதிக்க வெச்சது எதுக்கு?"

மறுபடி அடுப்பு. மறுபடி கொதி. அவர் பசியோடு பார்த்துக்கொண்டே இருந்தார். ஊட்டிக் குளிருக்குச் சீக்கிரம் ஆறிவிட்டது. பொன்னம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாப்பாட்டை மட்டும் விடவில்லை.

வியாழன்.

பேதி நின்றது! டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கஞ்சியைக் கூட்டச் சொன்னார். எனக்கு முன்பே தெரியும்.

பக்கத்துக் கட்டில்காரருக்கும் இன்று குழாய் போட்டார்கள். அவர் சம்சாரத்திடம் பொன்னம்மா சத்தமாக, "விளாவிறாத தாயி! தானா ஆறணும். இந்தப் பொம்பளைங்களுக்கு எத்தன தடவ சொல்றது?"



கஞ்சி நேரம். புனலைப் பொன்னம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.