ஏழாம் நம்பர் கத்தியில் ஒரு வெள்ளைத் திட்டு

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நாங்கள் இங்கே முக்கால்வாசி சௌக்கியம், மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் எங்கே வாயைத் திறப்பது? இப்போது நூலகத்துக்குப் போயிருக்கிறார், திரும்புவதற்குள் எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும்.

முதலில் உன் கத்தி சமாச்சாரம். முகம் முழுக்கத் தாடி வைத்திருக்கிறவன் பதினேழு பழைய சவரக்கத்தி சேர்த்த கதையை நான் யாரிடம் போய்ச் சொல்வது? தந்தப் பிடி போட்டதை எல்லை தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது நீ விமானம் ஏறும் வாரத்தில்தான் உனக்குத் தெரிந்தது. ஆறு வருஷமாக என் அலமாரியில் இரண்டாம் தட்டு உன் கத்திகளுக்கு, என் துணிமணி கட்டிலுக்கடியில் பெட்டிக்குள். இருட்டில் வைத்தால் தந்தம் மஞ்சளாகிவிடும், ஜன்னலோரம் வையுங்கள், வெயில் பட்டால் விரிசல் விடும், உள்ளே எடுங்கள், தண்ணீர் படக்கூடாது, விரல் படக்கூடாது. உன்னைக்கூட நான் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. மாசாமாசம் ஒவ்வொன்றையும் விரித்துக் கறுப்புத் துணியில் கிடத்திப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் ஒரு நல்ல வார்த்தை உண்டா? நிழல் விழுது, பிடியில வரி தெரியல, இன்னொண்ணு எடுங்க. போன வாரம் வந்த உன் தங்கை பார்த்துவிட்டு, 'அண்ணனுக்கு நம்ம மூஞ்சியையும் ஒரு படம் அனுப்பும்மா, மறந்துடப் போறான்' என்றாள்.

படம் எடுப்பது அப்பாதான். போன வருஷம் எல்லாமே மங்கலாக வந்தபோது, 'அப்பாவுக்கு போனைப் பிடிக்கக்கூடத் தெரியல' என்று சிரித்தாய். போன் பழசு என்று அவர் சமாளித்துவிட்டார், நீயும் புது போனும் ஸ்டாண்டும் வாங்கி அனுப்பினாய். போன் பழசு இல்லையடா, கை நடுங்குகிறது. வரைபட அலுவலகத்தில் முப்பது வருஷம் மயிரிழைக் கோடு போட்ட வலது கை. ஸ்டாண்டில் மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது, 'பார்த்தியா, தப்பிச்சோம்' என்று அவருக்கு ஏக சந்தோஷம். வீடியோவில் பேசும்போது அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்காருகிறாரே, கவனித்தாயா? கேமராவைக் கத்திப் பக்கம் திருப்பச் சொல்லத்தான் உனக்கு நேரம். டாக்டரிடம் போகலாம் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன். 'அவர் இதுக்கு ஏதாவது ஒரு வியாதிப் பேரு வச்சிடுவாரு, இவனுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்' என்கிறார். உன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை அவரிடம் காட்டிக்கொள்ள முடியாமல் நாள் முழுக்க அவர்மேல் எரிந்து விழுகிறேன்.

இந்த மாசப் படம் வந்ததிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாய், ஏழாம் நம்பர் கத்தியின் அலகில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறதே, துருவா, கறையா, யார் தொட்டது என்று. யாரும் தொடவில்லை. நீ சொன்னபடி கண்ணாடி மாதிரி துடைத்துத்தான் வைத்தார். துருவைத் தேடிப் பெரிதாக்கிப் பார்ப்பாயே, அப்படி அதையும் பார். அது உன் அப்பாவின் தாடை. அன்று காலை சவரம் செய்யும்போது கை உதறி வெட்டிக்கொண்ட இடத்தில் நான் ஒட்டிய பிளாஸ்டர். படம் எடுக்கக் குனிந்தவரை அலகு காட்டிக்கொடுத்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் தூங்காதே, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஏழாம் நம்பரை மறுபடி எடுக்கச் சொல்லாதே. டாக்டரிடம் போகச் சொல், நீ சொன்னால் போவார். நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. படத்தைப் பார்த்து நீயாகவே கண்டுபிடித்ததாகச் சொல், அவருக்கு அது போதும்.

இப்படிக்கு,
உன் கத்திகளுக்குக் காவல் இருக்கும்
அம்மா