முதுகுக்கு இரண்டு பக்கமும்

மார்ச் 3, ஞாயிறு

காலையிலிருந்து மழை. சாப்பாட்டு மேஜையில் நெவில் மேப்பை விரித்துவிட்டான், மதியச் சாப்பாடு மடியில். ஜூன் மாதத்து நான்கு நாள் மலைச்சுற்றுக்கு வழி போடுகிறான். கல்யாணமானதிலிருந்து முப்பத்தொரு தடவை போயாயிற்று. ஸ்கிப்டனில் கிளம்பி ஸ்கிப்டனுக்கே திரும்பி வர இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று வருஷாவருஷம் கேட்கிறேன். "வழி போடறதுலதான் பாதி சந்தோஷம்" என்பான். மீதிப் பாதி என் முழங்காலுக்கு.

எங்களுடையது இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள். முன்சீட்டில் அவன், பின்சீட்டில் நான். ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் அவனிடம். எனக்குக் கால் மட்டும். நான் அவனைவிட இரண்டு அங்குலம் உயரம், அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் பார்த்த யார்க்‌ஷயர் மலையெல்லாம் அவன் முதுகுக்கு இரண்டு பக்கமும் மிச்சமிருந்ததுதான். நடுவில் மஞ்சள் சட்டை.

"இந்த வருஷ மேப்பை எவனோ தூக்கத்துல அச்சடிச்சிருக்கான்" என்று முணுமுணுத்தான். ஃப்ளீட் மாஸ் மேட்டுக்குப் பக்கத்தில் நேராக ஓட வேண்டிய நீலக் கட்டக்கோடுகள் நெளிந்திருக்கின்றனவாம். "பாரேன், ஹில்" என்று என்னைக் கூப்பிட்டான்.

எனக்குக் கை முழுக்க மாவு. "ஆமாமா" என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 5

மேப் போடுகிறவர்களுக்கு நெவில் புகார்க் கடிதம் எழுதியிருக்கிறான். இரண்டு பக்கம். "முப்பதாண்டு வாடிக்கையாளன் என்ற முறையில்" என்று ஆரம்பம். நான் தபால்தலை ஒட்டிப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 23, சனி

கிராசிங்டன் வரை பழகிப் பார்க்கப் போனோம். முன்னால் இருப்பவன் குழி வந்தால் "குழி" என்று சொல்ல வேண்டும், கியர் மாற்றுமுன் "கியர்" என்று சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவளுக்கு வேறு வழியில்லை. இன்று நான்கு குழி, ஒன்றுக்கும் குரல் வரவில்லை. என் முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வந்தது.

"சொன்னேனே. காத்துல உனக்குக் கேட்டிருக்காது."

காற்றே இல்லை.

வழியில் டோரீனின் டீக்கடையில் டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினான். "அறுபது தாண்டினா கைக்கும் கண்ணுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, விடுங்க" என்று துடைத்தாள் டோரீன். மூன்று பேரும் சிரித்தோம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

விழுந்துவிட்டோம். எலும்பு ஒன்றும் முறியவில்லை. என் முழங்கை தோலுரிந்திருக்கிறது, அதனால் கையெழுத்து இப்படி.

மால்ஹாம் மேட்டிலிருந்து இறங்கும்போது சாலை நடுவில் ஆடு படுத்திருந்தது. சாம்பல் சாலை, சாம்பல் ஆடு, சரிதான். ஆனால் பக்கவாட்டில் எட்டிப் பார்த்த எனக்கே தெரிந்ததே! பிரேக் பிடிப்பான், பிடிப்பான் என்று காத்திருந்து கடைசியில் நான்தான் கத்தினேன். அவன் புல்லில் திருப்பினான். ஆடு எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு நடந்து போனது.

"ஆட்டைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"எந்தப் பக்கம் தலை வெச்சிருந்துச்சு?"

சட்டையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

எங்கிட்ட பொய் சொல்றான். என் உசுரை அவன் கையில கொடுத்துட்டுத்தான் பின்னாடி உக்காந்திருக்கேன் — அது தெரியாதா அவனுக்கு? நாளை டாக்டரிடம் போகலாம் என்றால் "கண்ணாடி அழுக்கு" என்கிறான். பயமாக இருக்கிறது. ஜூன் போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். அவனே போய்விடுவானோ என்று எனக்கு.

ஏப்ரல் 18, வியாழன்

மேப்காரர்களிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். எங்கள் பிரதியைச் சரிபார்த்தோம், கோடுகள் நேராகவே உள்ளன, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்காகப் புதிய பிரதி ஒன்றை இணைத்துள்ளோம்.

இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தான். குனிந்தான், நிமிர்ந்தான், விளக்கைப் போட்டான். நான் தையல் பெட்டியிலிருந்து ரூலரை எடுத்துவந்து பழைய மேப்பில் அந்த நீலக்கோட்டின்மேல் வைத்தேன். ஒரு மயிரிழை விலகல் இல்லை.

வெகுநேரம் பார்த்தான்.

"ரூலரும் வளைஞ்சிருக்கு, ஹில்" என்றான்.

ஏப்ரல் 23

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே போகிறதாம். இரண்டு கண்ணிலும். மோசமாவதைத் தள்ளிப்போடலாம், போன பார்வை திரும்ப வராது. ஓரப்பார்வை நன்றாகவே இருக்கும் என்றார் டாக்டர். கார் ஓட்டக் கூடாது. சைக்கிள்? அவர் பேனாவை மூடிவிட்டு நெவிலைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"நேர்க்கோடு வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சது எப்போ?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. மேப்ல தப்புன்னு நெனச்சேன்."

பொய் சொல்லவில்லை அவன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். மேப்பையே நம்பிப் பிழைத்த மனுஷன் வேறு என்ன நினைப்பான்? அன்று நான் மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால், மார்ச் மாதமே தெரிந்திருக்கும். தபால்தலை ஒட்டினேனே, ஐயோ.

ஏப்ரல் 25

"வித்துடலாம். ரஸ்ஸல்கிட்ட சொன்னா ஆள் பார்ப்பான்" என்றான். ரஸ்ஸல் எங்கள் சைக்கிள் சங்கத்துக்காரர், பழுது பார்ப்பவரும் அவர்தான்.

"நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

"நீயா? ரவுண்டானா வந்தா காரை நிறுத்திட்டு எல்லாருக்கும் வழி விட்டுட்டு நிப்பே நீ."

"கத்துக்கறேன்."

"நான் பின்னாடி மூட்டை மாதிரி உக்காந்துட்டு வரணுமா?"

"அப்ப முப்பத்தொரு வருஷமா நான் மூட்டையா?"

கதவைச் சாத்திக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே போகவில்லை. போவேனா?

ஏப்ரல் 26

பேச்சு இல்லை. டீ போட்டு வைத்திருந்தான். குடித்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று தானாகவே வந்து சொன்னான். "ஏத்தத்துல பாதி வேகம் உன் கால்தான். அது எனக்கு எப்பவுமே தெரியும். மூட்டைன்னு சொன்னது அசிங்கம்."

"ரொம்ப அசிங்கம்" என்றேன். அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை.

மே 4, சனி

ரஸ்ஸல் வந்து சீட்டுகளின் உயரத்தை மாற்றி முடுக்கினார். "உயரமானவங்க முன்னாடி. ஆரம்பத்துலயே இப்படித்தான் இருந்திருக்கணும், யாருய்யா மாத்தி வெச்சது?" நெவில் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மாட்டுச்சந்தை மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். இரண்டு முறை சாய்ந்தோம். நான் சொல்லாமல் கியரை மாற்ற, பின்னால் அவன் கால் வெட்டி இழுத்தது.

"சொல்லிட்டு மாத்து, அம்மணி!"

"இப்பத் தெரியுதா?"

மே 19

வாரம் மூன்று நாள் போகிறோம். ரவுண்டானாவை இன்று நிற்காமல் கடந்தேன். யாரும் கைதட்டவில்லை.

ஆனால் ஜூன் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் மாறுகிறது. "இந்தச் சின்னச் சுத்தே போதும், கண்ணு. அவ்வளவு தூரம் மலைமேல ஏறிப்போய் நான் எதைப் பார்க்கப் போறேன்?" என்கிறான்.

புதிய மேப்பில் அவன் வழியைத் தடித்த கறுப்புப் பேனாவால் நானே வரைந்தேன். மேஜைமேலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

மே 27

மேப்பில் கறுப்புக்கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு, அவன் கை. கொஞ்சம் கோணலாக. ஹாஸ் ஊருக்கு முன்னால் நான் விட்டுவிட்ட ஒரு திருப்பம். அவனை ஒன்றும் கேட்காமல் ஹாஸில் தங்க அறைக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு — ஹாஸ்

முதல் நாள் முடிந்தது. தொடை தொடையாக இல்லை. கீழே கடையில் பழக்கேக்கும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுவிட்டு நெவில் தூங்கிவிட்டான்.

ஃப்ளீட் மாஸ் ஏற்றத்தில் குழி, ஆடு, சரளை என்று பார்த்ததையெல்லாம் கத்திக்கொண்டே ஏறினேன். பின்னாலிருந்து ஒரு சத்தமில்லை. கால் மட்டும் விடாமல் மிதித்தது. அழுகிறானோ என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவும் முடியாது, கண்ணை எடுத்தால் பள்ளம். இவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ? எனக்குத்தான் பிடிவாதமோ?

உச்சியில் நிறுத்திக் காலை ஊன்றினேன். "என்ன நெவில். ஒண்ணும் தெரியலையா?"

"தெரியுதே. இடப்பக்கம் கல்சுவர் ரெண்டு எடத்துல சரிஞ்சு கிடக்கு. ஒரு கொண்டை ஆட்காட்டிக் குருவி மூணு குஞ்சை ஓட்டிட்டுப் போச்சு. வலப்பக்கம் மலை முழுக்க மேக நிழல் நகருது. நடுவுல மட்டும்தான் எனக்கு ஒண்ணும் தெரியல. அங்க உன் முதுகு இருக்கு. ஒண்ணும் நஷ்டமில்ல."

ஹேண்டிலை விடாமல் திரும்பி அவனைப் பார்த்தேன்.

"நான் இத்தன வருஷமா ரோட்டை மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றான், கொஞ்சம் கோபமாகவே. "நீ இதையெல்லாம் பார்த்துக்கிட்டே வந்திருக்கே. ஒரு நாளாவது சொன்னியா?"

முன்னால் மஞ்சள் சட்டை இல்லை. ஹாஸ் வரை இறங்குகிற சாலை முழுக்கத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன்.

"கிளம்பறோம்" என்று கத்தினேன். பின்னால் அவன் காலைத் தூக்கிப் பெடலில் வைத்தான்.