நான் படித்த உன் ரத்தப் பரிசோதனை

உனக்குப் புற்றுநோய் என்று முதலில் சொன்னவன் டாக்டர் இல்லை, நான்தான். அதை நம்பி நீ இரண்டு டயாலிசிஸைத் தவறவிட்டாய்.

இன்று காலை பேப்பருக்குள்ளிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. சிவகாசியில் புதிதாக ஒரு லேப். அறுபது பரிசோதனை ஒரே கட்டணத்தில், புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் சேர்த்து. அச்சு மை வாசம்கூட இன்னும் போகவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இதை உட்கார்ந்து எழுத முடியவில்லை.

உன்னையும் இப்படி ஒரு லேபுக்குத்தான் அழைத்துப் போனேன். ஏழாயிரம்பண்ணையில் கூட்டாக வெடி எடுத்து விற்றே ஆளானவர்கள் நாம். கிப்ட் பாக்ஸ் வாங்குகிறவன் உள்ளே எத்தனை ஐட்டம் என்றுதானே பார்ப்பான்? நானும் அதைத்தான் பார்த்தேன். அதிக ஐட்டம் உள்ள பேக்கேஜை உனக்கு எடுத்தேன். உன் சிறுநீரகம் செயலிழந்ததை அங்கே நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டில் சி.இ.ஏ. என்ற இடத்தில் எண் தடித்த எழுத்தில் இருந்தது, அளவுக்கு மேலே. போனில் தேடினேன். குடல் புற்று என்று வந்தது. கூட்டாளியிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பது நம் வியாபாரப் பழக்கம். ஒரு நாள்கூடப் பொறுக்காமல் வந்து சொல்லிவிட்டேன். வாரம் இரண்டு முறை ஊசி குத்திக்கொண்டு கிடந்தது போதும் என்று மட்டும் நீ சொன்னாய்.

அடுத்த வாரம் உன் மனைவி போன் செய்தார். "அண்ணே, அவுக மூஞ்சி வீங்கிக் கெடக்கு. டயாலிசிஸுக்கு வர மாட்டேங்காக. சொன்னது நீங்க. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

ரிப்போர்ட்டோடு விருதுநகரில் உன் சிறுநீரக டாக்டரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. அதுதான் வலித்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புற்று இல்லாமலே இந்த அளவு கொஞ்சம் ஏறி நிற்கும் என்றார். அதற்காகப் புற்றே இல்லை என்றும் விட்டுவிடக்கூடாதாம். ஸ்கேன் பார்த்து, சில வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுத்து, எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்கவேண்டுமாம். "ஒத்த நம்பரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. மொதல்ல அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வாங்க."

ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் அதே எண்தான். அதன்பின் ஒன்றரை வருடம் இருந்தாய். போன ஆவணியில் இதயம் நின்றுவிட்டது. தவறிய அந்த இரண்டு தடவைதான் காரணமா என்று டாக்டரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்கிறார். அது காரணமே இல்லை என்று ஏன் சொல்லமாட்டேன் என்கிறார் என்று நான் அலைகிறேன்.

அன்று உன்னைக் கூட்டிப்போக வந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாய். "ஏலே, வெடி வாங்கத் தெரிஞ்சா எல்லாம் வாங்கத் தெரியும்னு நெனப்பு ஒனக்கு. வாரேன். ஆனா பேசி முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக உன்னிடம் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். எனக்கு இப்போது சர்க்கரை. போன வாரம் என் ரிப்போர்ட் ஒட்டிய உறையோடுதான் டாக்டர் மேசைக்குப் போனது. நாம் பேசி முடித்தது இதுதான்: செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு வண்டியை நான் ஓட்டவேண்டும், உன்னுடையதானாலும் என்னுடையதானாலும் ரிப்போர்ட்டை டாக்டர்தான் பிரிக்கவேண்டும், அவர் சொல்லும்வரை இருவரும் வாய் திறக்கக்கூடாது.