மூன்றாவது படத்து மனிபோல்ட்

மாங்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் விஜிதரனுக்கு,

தயாபரன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்தை முகநூலில் பார்த்துக்கொண்டிருப்பதால் தனியாக விசாரிக்கவில்லை. சிவனேஸ்வரி அக்கா வருகிற கிழமை மகளிடம் கனடா வருகிறா. அவவிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு மட்டையும் கொடுத்துவிட்டிருக்கிறேன். என்னிடம் நிற்கிற உன் லான்சர் காரின் சிலிண்டர் ஹெட்டில் ஒயில் பூசி, மட்டையை வைத்து அமத்தி எடுத்த அச்சு அது. காற்று போகிற துளைகளும் போல்ட் ஓட்டைகளும் அப்படியே விழுந்திருக்கின்றன. எந்த மனிபோல்ட்டை வாங்கினாலும் கடையில் இந்த மட்டையை வைத்துப் பார்த்து வாங்கு. படத்தை மட்டும் நம்பாதே.

மற்றதெல்லாம் போனில் சொல்லக்கூடியதுதான். ஆனால் உன் குரலைக் கேட்டாலே எனக்கு இப்போது விசர் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மூன்று மனிபோல்ட்டின் படம் அனுப்பி, எது நல்லது என்று கேட்டாய். எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? எஞ்சினுக்குக் காற்று போகிற வாய் அது என்று அடுப்படியில் நின்ற சுரேகாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன். முதலாவது வேண்டாம், குழாய் குட்டை, நேர் ஓட்டத்துக்குத்தான் சரி, எங்கள் கார்ப் போட்டிப் பாதையில் வளைவுகள் கூட, அதனால் கீழ் வேகத்தில் இழுவை தருகிற நீளக் குழாய்தான் வேண்டும் என்று சொன்னேன். இரண்டாவதை எடு, அதில்தான் சுடுதண்ணீர் சுற்றி ஓட வழி இருக்கிறது, மனிபோல்ட் சூடாக இருக்கும் என்றும் சொன்னேன். அடுத்த நாள் உன்னிடமிருந்து குரல் பதிவு வருகிறது. நிஸார் மச்சானும் முதலாவது வேண்டாமாம், ஆனால் தண்ணி ஓடாத மூன்றாவதைத்தான் எடுக்கச் சொல்லுறானாம்.

நிஸார் மச்சான்! எடேய், வவுனியாவில் கராஜ் வைத்திருக்கிறவன் உனக்கு எப்போது மச்சானானவன்? முப்பது வருசமாக நீ மச்சான் என்று கூப்பிட்டது என்னை ஒருவனைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஆவணியில் போட்டி முடிந்து நீ போட்ட படத்தையும் பார்த்தேன். அவன் தோளில் நீ கை போட்டிருக்கிறாய், உன் தோளில் அவன் கை போட்டிருக்கிறான். அந்த எஞ்சினை இறக்கி ஏற்றினவன் நான். படத்தின் ஓரத்தில் என் முழங்கை மட்டும் தெரிகிறது. சுரேகாவிடம் காட்டினேன். விஜி அண்ணை ரெண்டாந்தாரம் கட்டிப்போட்டார் எண்ட மாதிரியெல்லே உங்கட முகம் கிடக்குது என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓம், எரிச்சல்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த எரிச்சலில்தான் உனக்கு ஒரு கதை சொன்னேன். கண்டாவளையில் ஒருவரின் காரில் நிஸார் வேலை செய்து ஹெட்டை வெடிக்கப் பண்ணிப்போட்டான் என்றேன். அது பொய். அப்படி ஒரு காரும் இல்லை, வெடிப்பும் இல்லை. நீ உடனே நம்பி, இனி அவனிடம் கவனமாக இருக்கிறேன் என்றாய். அன்றைக்கு மனம் குளிர்ந்து போய்ச் சோறு இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனாலும் அவன் ஏன் மூன்றாவதைச் சொன்னான் என்கிற கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். பிழை பிடிக்கத்தான் போனேன், வேறு எதற்கு? அவனுடைய காரிலும் அந்த மூன்றாவது மாதிரி மனிபோல்ட்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கதிரை போட்டான். உன்னைப் பற்றி விசாரித்தேன், உங்கட கதைதான் அவர் வாய் திறந்தால் என்றான். பொய்க்குத்தான் சொல்லுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காரை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து பொனற்றைத் திறந்து, தொட்டுப் பாருங்கோ அண்ணை என்றான். தொட்டேன். எஞ்சின் கொதிக்கிறது, மனிபோல்ட் இளஞ்சூட்டில் கிடக்கிறது. இது சூடேறாட்டில் எப்பிடி என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, காத்துக் குளிரக் குளிரத்தானே அண்ணை நெருக்கமாக உள்ளுக்குப் போகும், நீங்கள் ஏன் சூடாக்கப் பாக்கிறியள், மண்ணெண்ணெயிலயோ ஓடப் போறியள் என்று கேட்டான்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது கைக்குழந்தையாக முல்லைத்தீவிலிருந்து புத்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டவன் அவன், திரும்பி வரும்போது பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. சண்டைக்குள் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் நாங்கள் செய்த வேலை அவனுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். மனிபோல்ட் கையைச் சுடாவிட்டால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிடும். சைலன்சர் குழாயையே வளைத்து மனிபோல்ட்டோடு அணைத்துக் கட்டினவர்கள் நாங்கள்.

சாப்பிட்டுட்டுப் போங்கோ என்று அவனுடைய மனிசி இஷ்ரா எவ்வளவோ கேட்டா. வீம்புக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பசியோடு பஸ் ஏறினேன். புளியங்குளம் வரைக்கும் அவனைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. பெற்றோல் வந்து இத்தனை வருசமாகிவிட்டது, என் கை இன்னும் சூட்டைத்தான் தேடுகிறது. நான் சொன்னதைக் கேட்டு நீ இரண்டாவதை வாங்கியிருந்தால் எஞ்சினின் பலத்தில் கொஞ்சத்தை நானே தின்றிருப்பேன்.

மூன்றாவதை வாங்கு. அவன் சொன்னதுதான் சரி. கண்டாவளைக் கதை பொய்யென்று நீ அவனுக்குச் சொல்லத் தேவையில்லை, அவனுக்கு அந்தக் கதையே தெரியாது. உனக்குத் தெரிந்தால் போதும். என்னோடு கோபித்தால் கோபி. ஆனால் அதை அவனுடைய கணக்கில் வைத்துக்கொண்டிருக்காதே.

சுரேகா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. ஆவணியில் வந்தால் நண்டுக் கறி வைப்பாவாம். நிஸாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுகிறா.

இனி அந்த எஞ்சினில் யார் கை வைப்பது என்பது உன் விருப்பம். அவன் என்னைவிட நன்றாகச் செய்வான், அதையும் நானே எழுதிவிட்டேன். அவனிடம்தான் கொடுப்பதென்றால் நீ வந்து, நீயே வவுனியாவுக்கு ஓட்டிக்கொண்டு போ. கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று என்னிடம் மட்டும் சொல்லாதே. அது எனக்கு ஏலாது.

பிள்ளைகளுக்கு என் அன்பு. பனியில் கவனமாக ஓடு.

உன்
தயாபரன்