பெயர்ப் பட்டியலில் ஜெரின்

இராயபுரம்,
21-6-2025.

அன்புள்ள ராஜாத்திக்கு,

ஃபிர்தௌஸ் அக்கா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது அக்கா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான்.

நம் தொழிலாளர் குடும்ப ஆய்வின் நான்காம் சுற்று தொடங்கிவிட்டது. நான்கு வருடத்துக்கு ஒரு முறை அதே நானூறு குடும்பங்கள், அதே கேள்விகள். இந்த முறை வெளியாட்கள் வேண்டாம், இங்கேயே இருக்கும் பிள்ளைகளைத் தயார் செய்யலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பயிற்சிப் பொறுப்பை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு மாடி ஹாலில் பன்னிரண்டு நாள், பதினான்கு பேர். பாதிப் பேர் மணலி புதுநகர். "தாங்கள் கடந்த ஏழு நாட்களில் ஊதியம் ஈட்டும் பணியில் ஈடுபட்டீர்களா" என்பதைப் படித்துவிட்டு முதல் நாளே சிரித்தார்கள். எங்கள் தெருவில் இப்படிக் கேட்டால் கோர்ட்டு நோட்டீஸ் என்று கதவைச் சாத்திவிடுவார்கள் என்றாள் புளியந்தோப்பு ரூபினா. வாஸ்தவம்தான். ஆனால் சுற்றுக்குச் சுற்று கேள்வியை மாற்ற முடியாதே. அதை மிரட்டாமல் வாயில் கொண்டுவரப் பழக்குவதற்கே இரண்டு நாள் போனது.

பெயர்ப் பட்டியலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினேன். சென்ற முறை வீட்டில் இருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, இப்போது இங்கே இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இருந்தால் ஒன்று, வெளியூரென்றால் இரண்டு, இறந்திருந்தால் மூன்று என்று எண் போட வேண்டும். கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும், பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. உனக்கா இதெல்லாம் தெரியாது? 2017-இல் நீ நிரப்பிய தாள்களைத்தான் மாதிரி என்று அவர்களுக்குக் காட்டினேன். அடித்தல் திருத்தல் இல்லாத உன் கையெழுத்தைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள்.

வேலை தொடங்கிய முதல் நாள் ரூபினாவுக்குத் துணையாகத் திருவொற்றியூர் குப்பத்துக்குப் போனேன். லூர்தம்மா வீடு. இந்தப் பெயரைப் படித்ததுமே உனக்குப் புரிந்திருக்கும்.

ரூபினா கணவர் பெயரை வாசித்தாள். வலை வாங்கப் போயிருக்கிறார் என்றார் லூர்தம்மா. அடுத்து மகன் ஜெரின் என்று வாசித்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி பேசாமல் இருந்தாள். லூர்தம்மா எழுந்துபோய் டிவியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவன் செத்து ஒம்போது வருசம் ஆவுதும்மா. கம்பெனியில காண்ட்ராக்டுல தொட்டி கழுவ எறங்குனவன், ஏறல."

ரூபினா என்னைப் பார்த்தாள். டேப்லெட்டில் பழைய பதிவு இருந்தது. 2017: ஜெரின், வயது 23, வெளியூர், கப்பல் வேலை, வருடத்துக்கு ஒரு முறை வருவான். 2021: வயது 27, மற்றதெல்லாம் அதேதான். இரண்டுமே நீ எழுதியவை.

லூர்தம்மா உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தப் பெண் நல்ல பெண், நான்தான் கையைப் பிடித்துக் கேட்டேன், உங்கள் நோட்டிலாவது அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கட்டும் என்றேன், என்னோடு சேர்ந்து அழுதாள் என்றார். பிறகு ஏனம்மா இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கும் வயசாய்கினு போவுது. நானும் பூட்டேன்னா அவன் செத்தத யாரு சொல்லுவா? எழுதிக்கோ."

ராஜாத்தி, எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. உன் இடத்தில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம் அறிக்கையைப் பார். இந்த நானூறு குடும்பங்களில் வேலையிடத்தில் இறந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் இரண்டு பேர் என்று அச்சடித்தோம். கூட்டத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது பெரிய எண்ணிக்கை இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஆள் நம் தாளில் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பத்து வீட்டுக்கு ஒன்று மேற்பார்வையாளர் மறுபடி போய்ச் சரிபார்க்க வேண்டும் இல்லையா? 2017-இல் லூர்தம்மா வீடு எனக்கு விழுந்தது. நான் போகவில்லை. ராஜாத்தி எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பதினான்கு பேரையும் ஹாலுக்கு வரச்சொல்லி அவர்கள் முன்னால் இதைச் சொன்னேன். கூசிப்போனேன். உன் பெயரை நான் சொல்லவில்லை, ஆனால் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா? தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். என்னை வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை.

பழைய சுற்றை அழிக்க மாட்டார்கள். எழுதியவரே என்ன நடந்தது என்று ஒப்புக்கொண்டு ஒரு குறிப்புத் தந்தால் பக்கத்தில் சேர்ப்பார்கள். தராவிட்டால் நீ போன அறுபத்திரண்டு வீடுகளையும் சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கிவிடுவார்கள். அத்தனை பேரும் நம்மை உட்காரவைத்து டீ கொடுத்து, சொந்தக்காரர்களிடம் சொல்லாததையெல்லாம் சொன்னவர்கள். இந்த ஒரு வீடுதானா, வேறு உண்டா என்பதையும் மறைக்காமல் எழுது.

டிசம்பரில் ஊருக்கு வந்துவிடுவோம், அவருக்கு அங்கே வேலை முடிகிறது, பழைய வேலையில் சேர்த்துக்கொள்வீர்களா அக்கா என்று கேட்டிருந்தாய். ஒரு மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இந்தக் குறிப்பை எழுதினால் உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பெரும்பாலும் மாட்டார்கள். தெரிந்துதான் கேட்கிறேன்.

சின்னவளுக்கு என் முத்தம். அல்லாஹ் உன் குடும்பத்தை எந்தக் கஷ்டமும் அண்டாமல் காப்பாற்றட்டும். உனக்காக துஆ செய்யாத நாளில்லை.

இன்னும் ஒன்று. மூன்று என்று போட்டதும் அடுத்த கேள்வி, இறந்த தேதி. ரூபினா கேட்டாள். அந்தத் தேதியை இன்னொரு தடவை என் வாயால் சொல்ல முடியாது என்றார் லூர்தம்மா. "அந்தப் பொண்ணாண்ட சொல்லிக்கீறேன், அத கேளுங்க" என்றார். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. தேதியை எழுதி அனுப்பு, ராஜாத்தி. நீ மறந்திருக்க மாட்டாய்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும் பாசமும் குறையாத
ஃபிர்தௌஸ் அக்கா